காயல் கரிமீனை வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மணக்குடி:
பொழி (காயல் கடலில் சேரும் வாய்) மணலால் அடைத்துக் கிடக்கும்போது எங்கள் காயலில் கிடைக்கிற கரிமீன் ஒவ்வொன்றும் நல்ல பெரிசு. அந்த வித்தையே குளத்தில் விடலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

தேங்காப்பட்டணம்:
அண்ணாச்சி, மீன் பெரிசாக இருப்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வயது கூடினாலும் பெரிசாகும், தீனி தாராளமாகக் கிடைத்தாலும் பெரிசாகும். வித்து நல்லதா என்பது பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தால்தான் தெரியும்.

நாங்கள் உங்கள் காயல், எங்கள் காயல் இரண்டிலிருந்தும் தாய்மீன் ஜோடிகளை எடுத்துத் தனித்தனி வலைக்கூண்டில் விட்டோம். வலையில் பிடித்த குஞ்சு வேண்டாம், அதன் வயது யாருக்கும் தெரியாது. முட்டை ஒட்ட ஓட்டுத்துண்டும் சிரட்டையும் தொங்கவிட்டோம். ஆணும் பெண்ணும் மாறிமாறிச் செட்டையால் (துடுப்பால்) விசிறிக் காவல் நிற்கும். வெளுத்துப்போன முட்டையை வாயால் கவ்வி எடுத்துவிடும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரே சமயத்தில் பொரித்த குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். கொஞ்சம் வளர்ந்ததும் அடையாளத்துக்காக ஒரு காயல் மீனுக்கு இடது வயிற்றுச் செட்டையை வெட்டினோம், மற்றதற்கு வலது. ஒரு காயல் மீனை மட்டும் வெட்டி மற்றதைச் சும்மா விட்டால் கணக்கு கோணலாகிவிடும். அப்புறம் ஒரே குளம், ஒரே தீவனம்.

இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஒரே காயல் மீன்களுக்குள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வுதான் எங்களை அசரவைத்தது.

நாகர்கோவில், மீன்வளம் படித்தவன்:
அங்கேதான் விஷயமே இருக்கிறது. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் திலாப்பியா (வேகமாக வளரும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஜிலேபி மீன்) வேலையில் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் இயற்கை நீர்நிலை மீன்களையும் ஆசியாவில் ஏற்கெனவே வளர்த்துவந்த நான்கு வகைகளையும் பலவிதமான சூழலில் வளர்த்து ஒப்பிட்டார்கள். பண்ணையில் பழகியதுதான் முந்தும் என்று இருந்த எண்ணம் நிற்கவில்லை. எகிப்து மீன் நன்றாக வளர்ந்தது, கானா மீன் பின்தங்கியது. ஆனாலும் ஒரு நாட்டு மீனோடு நிற்காமல், எல்லாவற்றையும் கலந்து அதில் சிறந்ததைப் பொறுக்கினார்கள். புவனேஸ்வரில் 1992-ல் தொடங்கிய ஜெயந்தி ரோகுவும் (இதேபோல் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரோகு கெண்டை) கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் மீன்களோடு பண்ணை மீனையும் சேர்த்து எடுத்ததுதான்.

நீங்களும் ஒரு குளத்தோடு முடிவு கட்டாதீர்கள். நல்ல தண்ணீரில் ஒன்று, உப்பு ஏறுகிற தண்ணீரில் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டு காயல் வித்தும் கலந்த குஞ்சு மிஞ்சினால் தயவுசெய்து காயலில் விடவேண்டாம், அங்கே இருக்கிற வித்து கெட்டுவிடும்.

மணக்குடி:
சரி, தாய்மீன் தேடுகிறேன். வெட்டின செட்டை திரும்ப வளராதா?

தேங்காப்பட்டணம்:
வளரும். எடை போடும்போதெல்லாம் பார்த்து, வளர்ந்திருந்தால் அதே பக்கம் மறுபடி வெட்டிவிடுங்கள்.