மருந்து அடிக்காத கரிசல் மண்ணிலும் குளோர்பைரிஃபாஸ் காட்டும் எலிசா கிட்

மஞ்சக்காடு:
வணக்கமுங்க. கோபி, உடுமலைப் பக்கத்து மண்ணுல குளோர்பைரிஃபாஸ்ங்கிற பூச்சிமருந்தோட மிச்சம் பார்க்க எலிசா கிட் (ஆன்டிபாடி வச்சு, நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது) வச்சிருக்கோம். 10 கிராம் மண்ணை 20 மில்லி மெத்தனால்ல அரை மணி நேரம் குலுக்கி, தெளிஞ்சதை பஃபர்ல (அமில-கார அளவு மாறாம வச்சுக்கிற கரைசல்) 5 மடங்கு நீர்த்துப் போடறோம். கோபி செம்மண்ணுக்கு ஒழுங்கா வருது. உடுமலைக் கரிசல்ல மருந்தே படாத மண்ணும் 'இருக்கு'ன்னு காட்டுது. நானோபாடிங்கிற சின்ன ஆன்டிபாடி வச்ச கிட்டுக்கு மாறினா சரியாகுங்களா?

தட்டும்குழியும்:
முதல்ல நீர்ப்பைச் சரி பண்ணுங்க. இது போட்டி முறை எலிசா, மருந்து கூடக்கூட நிறம் குறையும். ஆன்டிபாடியையோ நிறம் தர்ற நொதியையோ வேற எது தடுத்தாலும் நிறம் குறையும். கிட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். 5 மடங்குன்னா குழியில மெத்தனால் 20 சதம், அது ரொம்ப அதிகம். தொழுவுரம் போட்ட மண்ணுன்னா ஹியூமிக் அமிலமும் (மக்கின உரத்துல இருக்கற பழுப்புப் பொருள்) கூடவே இறங்கும். கரிசலோட நுண்களி சும்மா வச்சா படியாது, மையவிலக்கு மெஷின்ல நிமிஷத்துக்கு 4000 சுற்றுல 10 நிமிஷம் சுத்துங்க.

அப்புறம் அதே சாறை 20 மடங்கு, 40 மடங்குன்னு ரெண்டு நீர்ப்புல போடுங்க. 20 மடங்குல மெத்தனால் 5 சதம்தான். தட்டுல மில்லிக்கு 5 நானோகிராம் வந்தா 40-ஆல (20 மடங்கு நீர்ப்பு, கிராம் மண்ணுக்கு 2 மில்லி மெத்தனால்) பெருக்கணும், மண்ணுல கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 40 மடங்குக்கு 80-ஆல பெருக்கணும். ரெண்டு கணக்கும் ஒத்துவந்தா மருந்து. 40 மடங்குல மதிப்பு சரிஞ்சா அது மண்ணோட தொந்தரவு. தெரிஞ்ச அளவு மருந்து வச்சு வரையற அளவுகோல் கோட்டையும் மருந்து படாத அதே கரிசல் சாறுல போடுங்க, வெறும் பஃபர்ல வேண்டாம். கழுவும் பஃபர்ல சோடியம் அசைடு இருந்தா ஹெச்ஆர்பிங்கிற அந்த நிறம் தர்ற நொதி செத்துரும், அதையும் பாருங்க.

ஒட்டகக்கால்:
நானோபாடி நல்ல பொருள்தானுங்க. ஒட்டக இனத்து ஆன்டிபாடியோட ஒரே ஒரு துண்டு, 15 கிலோடால்டன். முழு ஆன்டிபாடி 150. ஈ.கோலை பாக்டீரியாவுல வளர்க்கறதால தொகுதிக்குத் தொகுதி மாறாது. சூட்டுல கலைஞ்சாலும் பலதும் திரும்ப மடிஞ்சுக்கும், மெத்தனாலையும் கூடுதலாத் தாங்கும். ஆனா ஹியூமிக் அமிலத்தோட தொந்தரவை அது தீர்க்காது. இன்னொண்ணு, சின்ன மூலக்கூறைப் பிடிக்கிற பள்ளம் சாதாரண ஆன்டிபாடியில ரெண்டு சங்கிலிக்கு நடுவுல அமையும். இதுல ஒரே சங்கிலி, அதனால பிடிப்பு பல சமயம் குறைவு. வாங்கறதுக்கு முன்னாடி ஐசி50 (நிறத்தைப் பாதியாக் குறைக்கிற மருந்து அளவு) எவ்வளவுன்னு, 5 சதம் மெத்தனால்ல அளந்ததாக் கேட்டு வாங்குங்க.

பவானிக்கரை:
மீட்பும், அதாவது நாமே போட்ட மருந்துல எவ்வளவு திரும்பக் கிடைக்குதுன்னும் பாருங்க. மருந்து படாத 10 கிராம் கரிசல்ல, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கரைசல் 50 மைக்ரோலிட்டர் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவச்சு எடுத்தா கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வரணும். 70 முதல் 120 சதம் திரும்பினா நம்பலாம். காரத்தன்மையுள்ள கரிசல்ல குளோர்பைரிஃபாஸ் டிசிபி-ங்கிற சிதைவுப் பொருளா உடையும், பல ஆன்டிபாடி அதைப் பார்க்காது. அதனால 'இல்லை'ன்னு வந்தா தாய்மருந்து இல்லைன்னு மட்டும் எழுதுங்க. 'இருக்கு'ன்னு வந்ததை ஜிசி-எம்எஸ்-ல (பொருளைப் பிரிச்சு நிறை வச்சு அடையாளம் காண்கிற கருவி) உறுதி பண்ணிட்டு விவசாயிகிட்டச் சொல்லுங்க.