ஞாயித்துக்கிழமை காலைல கேரம் மேட்ச், எங்க மாமியார் ஒரு வாரமா பேசல

ராயபுரம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன விஷயம் தான், ஆனா வீட்ல பெருசாயிடுச்சு. என் பையன் எட்டாவது படிக்கிறான், நாலு வருஷமா கேரம் ஆடறான். கிளப்புன்னு பேரு தான், தகர ஷெட்டு, ரெண்டு போர்டு, மேல தொங்கற ரெண்டு பல்பு, அவ்ளோதான். சொல்லிக் குடுக்கற அண்ணன் ஃபீஸ் வாங்க மாட்டார், மாசம் ஒரு டப்பா பவுடர் வாங்கிக் குடுத்தா போதும்னுவார். இப்ப முதல் தடவையா ஒரு டோர்னமெண்ட்டுக்கு பேரு குடுத்திருக்கார், அது வர்ற ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு.

நாங்க ஆர்.சி. கிறிஸ்டியன்ஸ். புனித பேதுரு கோயில்ல காலைப் பூசைக்கு எங்க மாமியாரும் பையனும் தான் வாராவாரம் போவாங்க, அவன் பீடச் சிறுவன் வேற, அதான் பூசைல சாமியாருக்கு ஒத்தாசை பண்ற பையன், இந்த வாரம் லிஸ்ட்ல அவன் பேரு இருக்கு. மேட்ச்னு சொன்னதும், ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவனுக்கு எங்கருந்து ஜெயம் வரும்னு ஒரே வார்த்தை, அதோட சரி, என்கிட்ட பேச்சே இல்ல. உப்பு வேணும்னா கூட என் பொண்ணுகிட்ட "உங்கம்மாவ எடுத்தாரச் சொல்லு"ன்னு. நான் அடுப்புகிட்ட தான் நிக்கறேன்!! வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல கண்டெய்னர் லாரி, அவர் ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு டூட்டிக்கு போயிட்டார். பையனை அனுப்பறது தப்பா? பாவமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மறைக்கல்வி_டீச்சர்:
சிஸ்டர், மொதல்ல மனசுல பாரத்த எடுங்க. சனிக்கிழமை சாயங்காலப் பூசை பாத்தாலே, ஞாயித்துக்கிழமை பூசை பாக்கணும்ங்கற கடமை முடிஞ்சுது. இது யாரோ சாமியார் பாவம் பாத்து குடுக்கற சலுகை இல்ல, 1983ல வந்த திருச்சபைச் சட்டத்துலயே 1248வது பிரிவுல இருக்கு, அன்னிக்கோ முந்தின நாள் சாயங்காலமோ பூசைல கலந்துக்கிட்டா போதும்னு. நெறைய பேருக்கு இது தெரியாது, சனிக்கிழமை பூசை வேற ஏதோ கணக்குன்னு நெனைக்கறாங்க. உங்க பங்குக் கோயில்லயோ பெரம்பூர் லூர்து கோயில்லயோ டைம் விசாரிச்சுக்கோங்க. பீடச் சிறுவன் லிஸ்ட்டுக்கு, பையனே போயி கோயில் வேலைய பாத்துக்கற கோயில் பிள்ளைகிட்ட சொல்லி வேற பையனோட மாத்திக்கட்டும். நீங்க போயி சொல்லாதீங்க, அவன் சொல்லணும். என் கிளாஸ் பசங்களுக்கும் இதே ரூல் தான்.

வியாசை_பிரதர்:
பிரெய்ஸ் த லார்ட். நான் பெந்தெகொஸ்தே, எங்ககிட்ட சனிக்கிழமை பூசையெல்லாம் கிடையாது, அதனால என் பார்வை வேற, தப்பா எடுத்துக்காதீங்க. எரிக் லிட்டெல்னு ஒரு ஸ்காட்லாந்து ஓட்டக்காரர், 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல 100 மீட்டர் ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று, ஞாயித்துக்கிழமைன்னு தெரிஞ்சதும் ஓட மாட்டேன்னுட்டார். அவரோட பெஸ்ட் அது தான். கடைசி நிமிஷத்துல எடுத்த முடிவு இல்ல, டைம்டேபிள் பல மாசம் முன்னாடியே தெரியும், அதனால 400 மீட்டருக்கு பயிற்சி எடுத்தார், 47.6 செகண்டுல ஓடி தங்கம் வாங்கினார். அடுத்த வருஷமே சீனாவுக்கு மிஷனரியா போயிட்டார், 1945ல அங்கயே ஒரு முகாம்ல கைதியா இருந்து செத்தார். அவர மாதிரி இருக்க முடியும்னு சொல்றேன், அவ்ளோதான்.

மறைக்கல்வி_டீச்சர்:
பிரதர், லிட்டெலுக்கு அப்ப 22 வயசு, அவரா எடுத்த முடிவு. இந்தப் பையனுக்கு பதிமூணு. ஆயாவும் அம்மாவும் எடுக்கற முடிவுல அவன் விசுவாசம் எங்க இருக்கு?

வியாசை_பிரதர்:
அது சரி தான். ஒத்துக்கறேன்.

ரெட்டு_கவர்:
இன்னாபா எல்லாம் ரூலு பேசினுகீறீங்க. கேரம் பத்தி யாராவது பேசுங்கபா. நம்ம மரிய இருதயம் சார் கிறிஸ்டின் தானே, மெட்ராஸ்காரர், ரெண்டு தடவ வேர்ல்டு சாம்பியன், 1991லயும் 1995லயும், அர்ஜுனா அவார்டு வாங்கினவரு. 2024ல அமெரிக்கா போயி மூணு கோல்டு அடிச்ச காசிமா நம்ம வண்ணாரப்பேட்டை பக்கம் ஆட்டோ ஓட்டறவர் பொண்ணு. ஒம்போது வெள்ளை காயின் ஒம்போது கருப்பு காயின் ஒரு ரெட்டு காயின், இத்த வச்சினு தான் அந்தப் பொண்ணு ஊர் ஊரா போச்சு. ரெட்ட போட்டா மட்டும் பத்தாது, ஒடனே கவர் போடணும், அதான் நம்ம காயின் ஒண்ணையும் குழில தள்ளணும், இல்லாங்காட்டி ரெட்டு திரும்ப நடுவுல வந்து குந்திக்கும். அந்த பொறுமைய எந்த டியூஷன்லயும் சொல்லித் தர மாட்டாங்கோ.

ஆனா அம்மா, ஒண்ணு கேக்கறேன் கோச்சிக்காதீங்க. உங்க மாமியாருக்கு ஞாயித்துக்கெழம தான் பிரச்னையா, இல்ல கேரமா? ஏன்னா எங்க ஆயாவும் அப்டிதான், சர்ச்சு சர்ச்சுன்னு சொல்லும், உள்ள வேற மேட்டரு. அந்த காலத்துல இந்த ஷெட்டுல எல்லாம் போர்டுக்கு இவ்ளோன்னு பந்தயம் ஓடும், சம்பளத்த அங்கயே வுட்டுட்டு வெறுங்கையோட வூட்டுக்கு வர்ற ஆளுங்கள நானே பாத்துகீறேன். பெருசுங்களுக்கு கேரம்னா அது தான் ஞாபகத்துக்கு வரும்.

தண்டையார்பேட்டை_மருமகள்:
அக்கா நான் வேற ஒண்ணு கேக்கறேன். பையன் மேட்ச்சுக்கு போனா அன்னிக்கு உங்க மாமியார் கூட யாரு கோயிலுக்கு போவா? நீங்க "மாமியாரும் பையனும் தான்"னு எழுதியிருக்கீங்க, அப்ப நீங்க போறதில்லையா காலைல?

ராயபுரம்_அம்மா:
ரெண்டு நாள் பதில் போடல, சாரி. தண்டையார்பேட்டை தங்கச்சி நல்லா மாட்டி விட்டீங்க. நான் ஞாயித்துக்கிழமை காலைல காசிமேடு போவேன், லேட்டா போனா நல்ல மீன் கெடைக்காது, வந்து ஆஞ்சு கழுவி கொழம்பு வைக்கறதுக்குள்ள பூசை முடிஞ்சிடும், நான் சாயங்காலப் பூசைக்கு தான். அத்தைக்கு போன வருஷம் கண்ணுல புரை ஆபரேஷன், படி ஏற எறங்க பையன் கைய புடிச்சுக்கணும். இத நான் யோசிக்கவே இல்ல. அவங்களும் வாய தொறந்து சொல்லல.

ரெட்டு_கவர் அண்ணன் சொன்னதும் சரியா போச்சு. நேத்து ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், தயங்கித் தயங்கி சொன்னார். மாமனார் இருந்தப்ப சனிக்கிழமை கூலி வாங்கினா நேரா ஷெட்டு தானாம், விடிய விடிய ஆட்டம். ஞாயித்துக்கிழமை அத்தை கோயிலுக்கு கட்டின பொடவையோட ஷெட்டு வாசல்ல போயி நிப்பாங்களாம், உள்ள வர மாட்டாங்க, கூப்பிடவும் மாட்டாங்க, சும்மா நிப்பாங்களாம், அவர் எழுந்து வர்ற வரைக்கும். இவர் அப்ப சின்னப் பையன், அத்தை இடுப்புல. பதினாறு வருஷமா இந்த வீட்ல இருக்கேன், ஒருத்தரும் சொன்னதில்ல.

மறைக்கல்வி_டீச்சர்:
இதுக்கு என்கிட்ட சட்டம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்.

ரெட்டு_கவர்:
ஆயாவ ஷெட்டுக்கு ஒரு தபா கூட்டினு போங்க. பசங்க ஸ்கூல் பேக்க மாட்டிட்டு ஆடறத பாக்கட்டும்.

ராயபுரம்_அம்மா:
கூப்பிட்டேன், வரல. "அந்தப் பக்கம் என்னை கூப்பிடாத"ன்னுட்டாங்க. சரின்னு விட்டுட்டேன். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேருமா பூசைக்கு போனோம், பையன் அவங்க கைய புடிச்சுக்கிட்டான். ஞாயித்துக்கிழமை மீன் வாங்கல, காலைப் பூசைக்கு அவங்க கூட நான் போனேன், அன்னிக்கு சாம்பார் தான், பொண்ணு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டா. பையன் மொத ரவுண்டு ஜெயிச்சான், ரெண்டாவதுல தோத்துட்டான். வந்து செருப்ப கழட்டறதுக்குள்ள அத்தை உள்ளருந்து கேட்டாங்க, "ரெட்டு யாரு போட்டா, நீயா அவனா?"

அவன் போட்டான் ஆயா, ஆனா கவர் விழலன்னான். ரெண்டு பேரும் சாப்பாட்ட மறந்துட்டு இன்னும் அதத்தான் பேசிட்டு இருக்காங்க.