மூன்று ஞாயிறு, மூன்று விதமான தண்ணீர்: ஓத அட்டவணையை எங்கே தப்பாகப் படிக்கிறேன்?

புதுத்தக்கை:

வணக்கம். நான் தூண்டில் பிடித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. படகு கிடையாது. கழிமுகத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு ஓடை வந்து சேரும் வளைவில் கரையில் நின்றுதான் போடுகிறேன். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அதிலும் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரைதான் வழக்கம்.

முதல் ஞாயிறு, அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். ஓத அட்டவணையில், அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலில், ஏற்றம் முடியும் நேரம் 6.10 என்று இருந்தது. கொடுவா இரண்டு, கெளுத்தி நான்கு. ஒரு விஷயம் மட்டும் குழப்பியது. ஏழு மணி தாண்டியும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டேதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அதே இடம், அதே நேரம், அதே இறால் இரை. தக்கை போட்ட இடத்திலேயே நின்றது. மூன்று மணி நேரத்தில் ஒரு கடிகூட இல்லை.

மூன்றாவது ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள். நிலவை வைத்து மீன் கடிக்கும் நேரம் சொல்லும் செயலி ஒன்று ஐந்து நட்சத்திரம் போட்டு, ஏழு மணியை ஒட்டிய நேரம் அருமை என்றது. அதை நம்பி ஆறரைக்குத்தான் போனேன். அரை மணி நேரம் சும்மா இருந்த தண்ணீர், அப்புறம் வெளியே ஓட ஆரம்பித்தது பாருங்கள், எட்டு மணிக்கு 60 கிராம் ஈயம்கூடத் தரையில் நிற்கவில்லை. தூண்டில் நரம்பெல்லாம் பாசி. ஒரே ஒரு கெளுத்தி.

அமாவாசையா, பௌர்ணமியா, ஓதமா, காற்றா? எதை முதலில் பார்த்து நாள் குறிப்பது?

---

ஈரச்செருப்பு:

தம்பி, மூன்று ஞாயிறையும் நேரத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பலர் "மீனே இல்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் பாதி இருக்கிறது.

அந்த ஏழு மணிக் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். அட்டவணையில் உள்ள நேரம் துறைமுகத்தில் அளவுகோல் நிற்கும் இடத்துக்கு உரியது, உங்கள் வளைவுக்கு அல்ல. ஓதமும் ஓர் அலைதான், நீளம் மட்டும் மிகப் பெரிது. ஆழம் குறையக் குறைய அதன் வேகமும் குறையும். 2 மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலில் கணக்குப்படி மணிக்கு 16 கிலோமீட்டர் அளவில்தான் நகரும், வளைவும் சேறும் இருந்தால் இன்னும் மெதுவாக. அதனால் கழிமுகத்துக்குள் போகப்போக ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் இடத்தில் ஒரு மணி நேரமாவது தாமதம். மூன்றாவது ஞாயிறு துறைமுகத்து ஏற்றம் ஐந்தரை வாக்கில் இருந்திருக்கும், சரிதானே? ஆறரைக்கு நீங்கள் போய் இறங்கியபோது உங்கள் வளைவில் தண்ணீர் நிரம்பி நின்றது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தைத்தான் நட்சத்திரத்துக்காக வீட்டில் தூங்கிக் கழித்திருக்கிறீர்கள்.

ஞாயிறு விஷயத்தை வாரம் ஒருமுறை மட்டும் போகிற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நிலவு ஒரு சுற்று வந்து மறுபடி அதே உச்சிக்கு வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் ஓதம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவது அதனால்தான். ஏழு நாளுக்குக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஓர் ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆகும் நேரமும் அதே ஆறு மணிதான். ஆக, இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு வற்றம், அதற்கடுத்த ஞாயிறு மறுபடி ஏற்றம். கடிகாரத்தைப் பார்த்துப் போகிறவருக்கு ஒன்று விட்டு ஒரு வாரம் ஏமாற்றம் நிச்சயம். நானும் ஆரம்பத்தில் இரண்டு வருடம் இப்படித்தான் "மீன் ஒரு வாரம் வருகிறது, ஒரு வாரம் வருவதில்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது சிரித்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் இரண்டாவது ஞாயிறு அட்டமியை ஒட்டி வந்தது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும், ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். அட்டமியில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கும். சூரியனின் இழுப்பு நிலவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், எதிர்க்கட்சி போல நின்று கணிசமாகக் கழித்துவிடும். பெரும்பாலான இடங்களில் இந்த விளைவு ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் தெரியும், உங்கள் தேதிகள் அதற்குச் சரியாகப் பொருந்துகின்றன. சிறிய ஓதம், அதிலும் வற்றத்தின் அடிமட்டம், அதனால்தான் தக்கை அசையவே இல்லை. ஓடாத தண்ணீரில் இரையின் வாசனை எங்கேயும் போகாது. சின்ன மீனும் இறாலும் இடம் மாறாது, அவற்றைத் துரத்தும் மீனுக்கும் அந்த வளைவில் வேலை இல்லை.

எனவே என் வரிசை இதுதான்: முதலில் ஓதம், அடுத்து காற்று, கடைசியில் நிலவு. நிலவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது செய்கிற வேலையின் பெரும்பகுதி ஓதத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதைத் தனியாக இன்னொரு தடவை எண்ண வேண்டியதில்லை.

உங்கள் செயலி வைத்திருப்பது சோலூனார் கணக்கு. ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கத் தூண்டில்காரர் 1926-இல் ஆரம்பித்தது. நிலவு தலைக்கு மேலும் காலுக்கு நேர் கீழேயும் வரும் நேரங்கள் பெரியவை, உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் சிறியவை என்பது அதன் அடிப்படை. உங்கள் ஏழு மணி என்பது அன்றைக்கு நிலவு மறைந்த நேரம், அதோடு சூரிய உதயமும் சேர்ந்ததால் ஐந்து நட்சத்திரம். உங்கள் வளைவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. விடியலும் அந்தியும் நல்ல நேரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்குச் செயலி தேவையில்லை.

இனி கொஞ்சம் பயமுறுத்துகிறேன். ஓதம் சீராக ஏறாது. ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்து 1, 2, 3, 3, 2, 1 என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் முதல் ஒரு மணியில் 20 செ.மீ., இரண்டாவதில் 40, மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, 60. மீன் கடிப்பதும் பெரும்பாலும் அந்த நடு மணிகளில்தான், ஆள் மாட்டிக்கொள்வதும் அதே மணிகளில்தான். நான் ஒருமுறை பௌர்ணமி வற்றத்தில் மணல் திட்டு ஒன்றின் முனைக்கு நடந்து போனேன். போகும்போது திட்டுக்கும் கரைக்கும் நடுவிலிருந்த வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர். முன்னே நல்ல பாரை ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது, பின்னால் பார்க்கத் தோன்றவில்லை. நான் நின்ற இடம் காய்ந்தே இருந்தது, அதுதான் ஏமாற்றியது. தாழ்ந்த வாய்க்கால்தானே முதலில் நிரம்பும்? திரும்பியபோது இடுப்புக்கு மேல், அதுவும் பக்கவாட்டில் தள்ளுகிற ஓட்டம். ராடைத் தலைக்கு மேல் பிடித்து ஒருவழியாகக் கரை சேர்ந்தேன். ஒரு செருப்பு போய்விட்டது. மற்றது இன்னும் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. என் பெயர் வந்த கதை இதுதான்.

---

ராந்தல்:

ஈரச்செருப்பு அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். இரவில் விளக்கு வைத்துக் கணவாய் பிடிப்பவர்களுக்கு நிலவுதான் முதல் கணக்கு. பௌர்ணமி வெளிச்சத்தில் விளக்கைச் சுற்றிக் கூட்டம் சேராது. நாங்கள் தேய்பிறையின் கடைசி வாரத்தைத்தான் பார்ப்போம். ஓதம் எங்களுக்கு இரண்டாம் பட்சம்.

---

ஏரிக்கரை:

ஓதமே இல்லாத நன்னீர்க்காரர்கள் என்ன செய்வது? காற்றழுத்தமானி வாங்கலாமா? அழுத்தம் இறங்கும்போது மீன் வெறித்தனமாகக் கடிக்கும் என்கிறார்களே?

---

ஈரச்செருப்பு:

ராந்தல், ஒப்புக்கொள்கிறேன். நான் கரைத் தூண்டிலை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

ஏரிக்கரை, வாங்குங்கள், ஆனால் மீனுக்காக அல்ல. பெரிய புயல் சின்னத்தை விட்டுவிட்டால், சாதாரண மழை மாற்றத்துக்கு அழுத்தம் 10, 15 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே அதிகம். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு செ.மீ. தண்ணீரின் எடை. மீன் ஒரு சாண் மேலே வந்தாலே அதற்கு மேல் அழுத்தம் மாறிவிடும், ஒரு மீட்டர் இறங்கினால் 100 கூடும். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற மீன் வானத்தின் அந்தச் சின்ன மாற்றத்துக்காகப் பசியெடுத்துக் கிளம்பும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. மழைக்கு முன் மேகம் மூடி வெளிச்சம் குறைகிறது, காற்று வந்து தண்ணீரின் மேல்பரப்பைக் கலைக்கிறது, மீன் தைரியமாக மேலே வருகிறது. நன்றாகக் கடிக்கிறது என்பது உண்மையாக இருக்கலாம், காரணம் வேறு. ஏரியில் காற்று அடித்துச் சேர்க்கிற கரையில் போட்டுப் பாருங்கள். மிதப்பதெல்லாம் அங்கேதான் ஒதுங்கும்.

வானிலையில் நான் பார்ப்பது மூன்றுதான். காற்று ஓட்டத்துக்கு எதிராக இருக்கிறதா? உள்ளே வீசும் காற்றும் வெளியே ஓடும் வற்றமும் மோதினால் முகத்துவாரத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். சிறு படகுக்கு அது எமன். இரண்டாவது, அலையின் உயரத்தோடு அதன் இடைவெளி. முன்னறிவிப்பில் ஒரு மீட்டர் என்று பார்த்துச் சின்னதுதானே என்று பாறையில் ஏறாதீர்கள். 6 நொடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர். 14 நொடி என்றால் 300 மீட்டர் தாண்டும். அது கரையில் ஏறும்போது ஒரு மீட்டராக நிற்காது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கடல் சாதுவாகத் தெரியும். ஏறுவதற்கு முன் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது, இடி. கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளியில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பது நீங்கள். இடிச் சத்தம் கேட்டால் கிளம்பிவிடுங்கள். கடைசிச் சத்தத்துக்குப் பின் அரை மணி கழித்துத்தான் திரும்ப வர வேண்டும்.

புதுத்தக்கை, இந்த ஞாயிறு விடிகாலை போகாதீர்கள். தேய்பிறை அட்டமி, மறுபடி வற்றம்தான் இருக்கும். ஒன்பதரைக்குப் போங்கள். ஓட்டம் மெதுவாக இருக்கும், ஈயத்தை 20 கிராமாகக் குறையுங்கள். கையோடு ஒரு குச்சி கொண்டுபோய் நடுங்கள். நிரம்பும் நேரத்தில் மட்டம் அசைவதே தெரியாது, அதனால் உச்சியைக் கண்ணால் பிடிக்க முடியாது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போட்டு, தண்ணீர் ஏறும்போது அதைத் தொட்ட நேரத்தையும் இறங்கும்போது தொட்ட நேரத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுதான் உங்கள் வளைவின் ஏற்றம்.

---

புதுத்தக்கை:

போய்வந்தேன். அட்டவணை ஏற்றம் 11.24. கோட்டை ஏறும்போது தொட்டது 12.11, இறங்கும்போது 12.59. நடு 12.35, ஆக என் வளைவு 1 மணி 11 நிமிடம் தாமதம். இன்னொன்றும் பார்த்தேன். மட்டம் இறங்க ஆரம்பித்த பிறகும் பதினைந்து நிமிடம்போல நடு ஓட்டம் உள்ளேதான் போனது, மிதந்து வந்த இலையை வைத்துச் சொல்கிறேன்.

10.40-க்கு ஒரு கொடுவா, பதினொன்றேகாலுக்கு இன்னொன்று. இரண்டாவது கையளவுதான், விட்டுவிட்டேன். வெயில்தான் மண்டையைப் பிளந்தது.

அடுத்த ஞாயிறு அமாவாசை ஓதம். துறைமுகத்தில் 4.52, எனக்கு 6.03. அப்படியென்றால் நாலரைக்கே தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டுமா?

---

ஈரச்செருப்பு:

நாலுக்கு. இருட்டில் முடிச்சுப் போடக் கூடுதல் நேரம் வேண்டும், சனிக்கிழமையே இரண்டு செட் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்கு மேல் நிற்காதீர்கள், போன தடவை ஈயம் உருண்ட அதே ஓட்டம் வரும். அமாவாசை இருட்டு, டார்ச்சுக்கு மாற்று பேட்டரி. காற்று முன்னறிவிப்பைச் சனி இரவு ஒருமுறை பார்த்துவிட்டு, மோசமாக இருந்தால் தூங்குங்கள்.

இலையைக் கவனித்தீர்களே, அந்தப் பதினைந்து நிமிடத்தையும் நோட்டில் எழுதுங்கள். மேலே மழை பெய்து ஓடையில் வெள்ளம் வந்தால் அது தலைகீழாகும். ஏற்றத்திலேயே தண்ணீர் வெளியே ஓடும்.