15 ஆயிரத்துக்குள் கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர்: வாங்கினவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிண்டிக்காரன்:

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் கொடி எத்தனை யார்டு தள்ளி இருக்கிறது என்று லேசரால் அளந்து சொல்லும் கருவி. அதன் பெட்டி மேல் பெரிய எழுத்தில் '1000 யார்டு' என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரும் வாங்கிவிடாதீர்கள். அந்த ஆயிரம், பெரிய வெள்ளைச் சுவர் மாதிரி ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பொருளுக்குக் கிடைக்கிற கணக்கு. நமக்கு வேண்டியது குழியைக் காட்ட விரல் தடிமனில் நிற்கிற ஒரு கொடிக் குச்சி, அதுவும் பெரும்பாலும் 100 முதல் 180 யார்டுக்குள். அந்த இடத்தில் கருவி என்ன செய்கிறது என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

வாங்குவதற்கு முன்னால் குரூப்பில் ஆளுக்கொன்றாக வைத்திருந்த கருவிகளைக் கேட்டு வாங்கி, ஒரே இடத்தில் நின்று ஒரே கொடியை லேசரால் அடித்துப் பார்த்தேன். கொடிக்குப் பின்னால் வரிசையாக மரம், காற்றே இல்லை, துணி தொங்கிக்கொண்டு கிடந்தது. புஷ்னெல் டூர் வி5 வைத்திருந்தவருடையது முதல் அழுத்தலிலேயே 143 என்று காட்டி, கையில் ஒரு அதிர்வு கொடுத்து 'பிடித்துவிட்டேன்' என்றது. பெயர் தெரியாத மலிவுக் கருவி ஒன்று 171 என்றது, மறுபடி அழுத்தினால் 143, மறுபடி 171. அந்த 171 மரம். இதில் வேடிக்கை என்னவென்றால் அதுவும் 171-இல் அதிர்ந்தது! அதிர்வு என்பது 'ஏதோ ஒன்றை அளந்துவிட்டேன்' என்று மட்டும்தான் சில கருவிகளில் அர்த்தம், கொடியைத்தான் அளந்தேன் என்று இல்லை.

எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தட்டிவிட்டு, அது பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கின்றன. 150 யார்டு போய் வர ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. விலை குறைந்ததும் சரி, கூடியதும் சரி, கூட்டிக் குறைத்து 1 யார்டு துல்லியம் என்றுதான் சொல்கின்றன, அதில் பெரிதாகப் பொய்யும் இல்லை. பின்னால் இருக்கும் பெரிய மரத்தை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் மெல்லிய குச்சியை எடுத்துக்கொள்ளும் புத்தியில்தான் காசு இருக்கிறது.

கடைசியில் 15 ஆயிரத்துக்குள் ஒன்று வாங்கினேன். 160 வரைக்கும் கொடியை நன்றாகப் பிடிக்கிறது, அதற்கு மேல் அடம். அப்போது பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துவேன். 204, 204, 203 என்று ஓடிக்கொண்டிருக்கும் எண் ஒரு கணம் 178-க்குக் குதித்து மறுபடி 204 ஆகும். அந்த 178தான் கொடி. சந்தேகமாக இருந்தால் கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) முன்னால் இருக்கும் பங்கரின் (மணல் பள்ளம்) உதட்டையும் ஒரு தடவை அடித்துப் பார்த்தால் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும்.

உங்கள் அனுபவம் என்ன? குறிப்பாக ஸ்லோப் (ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தூரத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் வசதி) இருப்பதை வாங்கியவர்கள் சொல்லுங்கள், அதற்குக் கூடுதலாகக் கொடுத்த காசு வீணா இல்லையா?

கொங்கு டிரைவர்:

ஸ்லோப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. எங்கள் நாலு பேர் குரூப்பில் ஒருவர் ஆன்லைனில் பாதி விலைக்கு ஒன்று பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்தால் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், வேட்டைக்காரர்களுக்கான கருவி. 'இதிலும் ஆங்கிள் இருக்கிறது, ஸ்லோப்தானே' என்றார். ஸ்லோப் இல்லை அது!

வேட்டைக் கருவி காட்டுவது கிடைமட்ட தூரம். மேட்டில் 5 டிகிரி ஏற்றத்தில் 150 யார்டு தள்ளிக் கொடி இருந்தால் அது 149 என்று குறைத்துக் காட்டும். துப்பாக்கிக் குண்டுக்கு அந்தக் கணக்கு சரி. கோல்ஃப் பந்து வளைந்து ஏறி இறங்குவது, மேட்டில் சீக்கிரமே தரையைத் தொட்டுவிடும். 150 யார்டுக்கு 5 டிகிரி என்றால் கிரீன் சுமார் 13 யார்டு உயரத்தில் இருக்கிறது, ஆகவே தோராயமாக 163 யார்டு ஷாட் ஆட வேண்டும். கோல்ஃப் ஸ்லோப் கூட்டும், வேட்டைக் கருவி குறைக்கும். அதை நம்பி அடித்தால் பந்து கிரீன் முன்னால் சரிவில் விழுந்து நம் காலுக்கே உருண்டு வந்துவிடும். அவர் அதைத் தன் பண்ணையில் வேலி அளக்க வைத்துக்கொண்டார், அந்த வேலைக்கு அருமையாக இருக்கிறதாம்.

இன்னொருவர் கட்டட வேலையில் சுவருக்குச் சுவர் அளக்கிற லேசரைக் கொண்டு வந்தார். வெயிலில் சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. அது அறைக்குள் அளக்கச் செய்தது, பட்டப்பகலில் கொடியைத் தேட அதனால் முடியாது.

ஊட்டி மூடுபனி:

ஸ்லோப் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த கோர்ஸில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையில் மட்டும் ஆடினால் அந்தக் காசை நல்ல கிளவுஸ் வாங்கப் போடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வருவீர்கள் என்றால் வேண்டும், ஆனால் அது காட்டுகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

ஊட்டி ஜிம்கானா கோர்ஸில் சமவெளி என்று சொல்லக்கூடிய இடம் கொஞ்சம்தான். போன சீசனில் சென்னையிலிருந்து ஒரு நண்பர் புதுக் கருவியோடு வந்திருந்தார். ஒரு ஏற்றத்தில் கொடி 140, ஸ்லோப் போட்டால் 150. அவர் 6 அயன் என்கிற கிளப்புக்கு (7 அயனைவிடத் தூரம் போகிற மட்டை) கை நீட்டினார். கூட வந்த கேடி (கோல்ஃப் பையைத் தூக்கி வருபவர்) அண்ணன், இந்த மண்ணிலேயே வளர்ந்தவர், 'சார், மெஷின் சொல்றதை விடுங்க, நூத்து நாப்பதுக்கு என்ன எடுப்பீங்களோ அதையே எடுங்க' என்றார். நண்பருக்கு மனசே இல்லை. முனகிக்கொண்டே 7 அயன் எடுத்தார், பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

காரணம் எளிது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிவு, பந்துக்கு எதிர்ப்பு குறைவு, கீழே போகிற தூரத்தைவிட 8 சதவீதமாவது கூடப் போகும். ஏற்றத்துக்காகக் கருவி 10 யார்டு கூட்டியது, உயரத்துக்காகக் காற்று ஏறக்குறைய அதே 10 யார்டைக் கழித்தது. கேடி அண்ணன் இரண்டையும் ஒரே மூச்சில் கூட்டிக் கழித்துவிட்டார். மலிவுக் கருவிகளில் இருக்கும் ஸ்லோப் கோணத்தை மட்டும்தான் பார்க்கும், ஊரின் உயரம் அதற்குத் தெரியாது. இறக்கத்தில் இரண்டும் ஒரே பக்கம் சேரும், அப்போதுதான் பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும்.

அப்புறம் மூடுபனி. கண்ணுக்குக் கொடி மங்கலாகத் தெரிகிறதே என்று அடித்தால் 30, 35 என்று காட்டும். லேசர் பனித்துளியிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அடர்ந்த பனியில் இதே கதைதான்.

பிளாஸ்டிக் டீ:

பேட்டரியை யாரும் சொல்லவில்லையே. நிறைய மாடல்களில் சிஆர்2 என்கிற குட்டையான 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் கேட்டால் பென்சில் பேட்டரியைத்தான் நீட்டுவார்கள். பையில் ஒன்று உபரியாக வைத்திருங்கள், இல்லையென்றால் போன் சார்ஜரிலேயே ஏற்றுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் சௌகரியம்.

கொழும்பு லெஃப்டி:

நான் கொழும்பில் இருந்து எழுதுகிறேன். ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் மைதானத்துக்குள்ளாலேயே களனிவெளி ரயில் பாதை போகிறது, ரயில் வந்தால் ஆட்டம் நின்றுதான் தொடங்கும். புதுக் கருவி வாங்கிக்கொண்டு வருகிற எல்லாரும் முதலில் அளப்பது ரயிலைத்தான். அது பெரிய இரும்புச் சாமான், எந்தக் கருவியும் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு 'சரியான சாமான்' என்று சந்தோஷப்படுகிற ஆட்களுக்கு அடுத்த கிரீனில் கொடி கிடைக்காது.

கொழும்பு தட்டையான இடம், ஸ்லோப் தேவையே இல்லை. வருசத்தில் சில தடவை நுவரெலியாவுக்கு ஏறுகிறபடியால் ஸ்லோப் உள்ளதை எடுத்தேன், அதுகும் 1,800 மீட்டருக்கு மேலே என்றபடியால் ஊட்டி நண்பர் சொன்ன கணக்கு அங்கேயும் பொருந்தும்.

நான் சொல்ல வந்தது திரையைப் பற்றி. விலை குறைந்தவற்றில் உள்ளே தெரிகிற எழுத்து கறுப்பு. பகல் வெளிச்சத்தில், வெளிறிய வானத்துக்கு எதிரே வடிவாகத் தெரியும். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, கொடிக்குப் பின்னால் மாமரமோ இருட்டான புதரோ இருந்தால் கறுப்பு மேல் கறுப்பு, எண் எங்கே என்று தேட வேண்டும். சிவப்பு எழுத்து அந்த நேரத்துக்கு நல்லம், ஆனால் மலிவான சிவப்பு உச்சி வெயிலில் மங்கிவிடும். நீங்கள் வேலை முடிந்து பின்னேரம் ஆடுகிற ஆளா, காலையில் ஆடுகிற ஆளா என்று யோசித்துவிட்டு எடுங்கள். என்னைப் போல மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கிற ரப்பர் விளிம்பை மடக்க முடியுமா, கண்ணுக்கு ஏற்ற மாதிரி குவியத்தைத் திருக முடியுமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கண்ணாடியோடு பார்த்தால் சில கருவிகளில் திரையின் ஓரம் வெட்டுப்பட்டு அலகு தெரியாது. ஒரு நண்பர் மீட்டரில் இருந்ததை யார்ட் என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தார். 150 மீட்டர் என்றால் 164 யார்ட், ஒரு கிளப்புக்கும் கூடவே வித்தியாசம் வந்துவிடும்.

ஸ்கோர்கார்டு:

போட்டி ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் வந்த விதிகளின்படி தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு, கமிட்டி தனியாகத் தடை போட்டால் ஒழிய. ஏற்ற இறக்கத்தை அளக்கத்தான் அனுமதி இல்லை. ஸ்லோப் உள்ள கருவியைக் கொண்டு வரலாம், அணைத்து வைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) ஸ்லோப்பைப் பயன்படுத்தினால் முதல் தடவை 2 ஸ்ட்ரோக் அபராதம், மறுபடி செய்தால் ஆட்டத்தை விட்டே வெளியே.

அதனால் ஸ்லோப்பை அணைக்க வெளிப்புறம் ஒரு ஸ்விட்ச் இருக்கிற கருவியாகப் பாருங்கள். மலிவானவற்றில் பலவற்றுக்கு இது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும், பட்டனை நீட்டி அழுத்தினால் மாறும், பைக்குள் இடிபட்டால்கூட மாறிவிடும். எங்கள் கிளப் போட்டி ஒன்றில் இதை வைத்து இரண்டு பேர் தேநீர் ஆறும் வரைக்கும் வாக்குவாதம் செய்தார்கள். வெளியே கண்ணுக்குத் தெரிகிற ஸ்விட்ச் இருந்திருந்தால், உடன் ஆடுகிறவர் ஒரு பார்வையில் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: கொடிக்கு எத்தனை யார்டு என்று எதிராளியிடம் கேட்பதும் சொல்வதும் தவறில்லை, அது ஆலோசனை கணக்கில் வராது. என்ன கிளப் எடுக்கட்டும் என்றுதான் கேட்கக்கூடாது. ஒரு கருவியை நாலு பேரும் கை மாற்றிப் பார்க்கலாம். எப்போதும் சேர்ந்தே ஆடுகிற நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒரு மலிவுக் கருவி வாங்குவதைவிடப் பணத்தைப் பங்கு போட்டு நல்லதாக ஒன்று வாங்குவதே மேல் என்பது என் கட்சி. யார் வீட்டில் வைப்பது என்ற பஞ்சாயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

18 ஹேண்டிகேப்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எனக்கு 7 அயன் ஒரு தடவை 145 போகும், அடுத்த தடவை 120. எனக்கு 143-ஆ 146-ஆ என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? போனில் இலவச ஜிபிஎஸ் செயலி கிரீனின் முன், நடு, பின் மூன்று தூரத்தையும் காட்டுகிறது, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கொடி கண்ணுக்கே தெரியாத இடத்திலும் காட்டுகிறது. லேசர் அங்கே கையை விரித்துவிடும். முதலில் நம் கிளப் ஒவ்வொன்றும் காற்றில் எவ்வளவு போகிறது என்று பயிற்சி ரேஞ்சில் தெரிந்துகொள்ள ஒருவர் லேசர் வாங்கினால் அதை ஒத்துக்கொள்கிறேன். ரேஞ்சில் வைத்திருக்கும் பலகைகளை நம்ப முடியாது, பாய் விரித்த இடம் தினமும் முன்னே பின்னே மாறும்.

கிண்டிக்காரன்:

18 ஹேண்டிகேப், நீங்கள் சொன்ன ரேஞ்ச் விஷயம் உண்மைதான், எனக்கும் கோர்ஸைவிட அங்கேதான் அதிகம் உதவுகிறது. நாலு பேர் சேர்ந்து வாங்குவதை எங்கள் குரூப்பில் சொன்னேன், உடனே ஒருவர் பழைய நிக்கான் கூல்ஷாட் ஒன்று விலைக்கு வருகிறது என்கிறார். பழசு வாங்கலாமா?

பிளாஸ்டிக் டீ:

தாராளமாக வாங்கலாம், இதில் தேய்கிற பாகம் அதிகம் இல்லை. ஆனால் சென்னைச் சரக்கு என்றால் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே பாருங்கள். கடற்கரை ஈரத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும், அது இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பிறகு விற்பவரையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் கோர்ஸுக்குப் போய், மரம் பின்னால் நிற்கிற ஒரு கொடியை 150-லிருந்து அடித்துப் பாருங்கள். அதற்கு அவர் வர மாட்டேன் என்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். வாங்கியபின் தோல் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள், புதுச் செருப்புப் பெட்டியிலேயே கிடைக்கும்.