எம்னேஸ் வெட்டில் ஏணி விழலைங்க, வெறும் தீற்றல்தான்

நொய்யல்கரை (கோவை):
வணக்கமுங்க. எச்இகே 293 (லேபில் வளக்கற மனுச செல்) செல்லில் நியூக்ளியஸைப் பிரிச்சு, டிஎன்ஏவை வெட்டற மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் (எம்னேஸ்) போட்டு நியூக்ளியோசோம் ஏணி எடுக்கப் பாக்கறேனுங்க, அதாவது ஹிஸ்டோன் புரதத்தில் டிஎன்ஏ சுத்தின உருண்டைதான் நியூக்ளியோசோம், அது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஜெல்லில் படிப்படியாப் பட்டை விழணும். ட்யூபுக்கு 10 லட்சம் செல். செல் சவ்வைக் கரைக்கற 0.1% என்பி-40 ஊத்தி ஐஸில் 5 நிமிசம். அப்புறம் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருக்கற டிரிஸ் பஃபரில், 37 டிகிரியில் 10 நிமிசம். 10 மில்லிமோலார் இடிடிஏ விட்டு நிறுத்திப்போட்டு நேரா 2% அகரோஸ் ஜெல்லில் ஏத்தினேன். பாதி கிணத்துலயே (ஜெல்லில் ஏத்தின குழியிலயே) நிக்குது, மீதி மேல இருந்து கீழ வரைக்கும் தீற்றல். 150 பேஸ்பேர் (டிஎன்ஏ நீள அளவு) பக்கம் ஒண்ணுமே தெரியல. எங்க தப்புங்க?

கூடவே ஒரு சந்தேகம்: ஓடற (வேலை செய்யற) ஜீனோட புரமோட்டரில், அதாவது ஜீனை ஓட வைக்கற முன்பகுதியில், நியூக்ளியோசோமே இருக்காதுங்கறாங்களே, அது நிசமாவே காலியிடமுங்களா?

கூடுதுறை (பவானி):
தம்பி, "நேரா ஏத்தினேன்"னு எழுதியிருக்கற இடத்துலதான் கோளாறு. இடிடிஏ கால்சியத்தைப் பிடிச்சு என்சைமை நிறுத்தும், அவ்வளவுதான், ஹிஸ்டோனைக் கழட்டாது. புரதத்தோட ஒட்டிக்கிட்டிருக்கற டிஎன்ஏ கிணத்தை விட்டு எப்படி இறங்கும்? நிறுத்தினதும் ஆர்என்ஏஸ் 37 டிகிரியில் அரை மணி, பிறகு புரதத்தைக் கழட்டித் தின்ன 0.5% எஸ்டிஎஸ்ஸும் புரோட்டினேஸ் கே-யும் விட்டு 55 டிகிரியில் 1 மணி நேரம் வைங்க. அப்புறம் டிஎன்ஏவைச் சுத்தம் பண்ண ஃபீனாலோ, வடிகட்டற காலமோ (column), உங்க சவுகரியம். கீழே தெரியற மங்கலில் பாதி ஆர்என்ஏவாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு: லோடிங் சாயத்தில் புரோமோஃபீனால் நீலம் இருக்குதா பாருங்க. 2% ஜெல்லில் அது ஓடறது கிட்டத்தட்ட 150 பேஸ்பேர் இடத்துல. நீங்க தேடற பட்டையை அதோட நிழலே மறைச்சுப்போடும். ஆரஞ்சு ஜி போட்டா அதையும் தாண்டிக் கீழ போயிரும்.

என்சைம் அளவை நீங்க எழுதவே இல்லை. யூனிட் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அடுத்தவங்க எழுதின எண்ணை நம்ப வேண்டாம். நேரத்தை 5 நிமிசத்தில் நிறுத்திட்டு, 6 ட்யூபில் என்சைமைப் பாதி பாதியாக் குறைச்சுப் பாருங்க. நல்ல வெட்டுன்னா 150, 340, 530 பக்கம்னு படிப்படியா விழும். லேசா வெட்டினதுல முதல் படி 165 கிட்ட நிக்கும், எச்1 (வெளியே ஒட்டற இணைப்பு ஹிஸ்டோன்) இன்னும் இருக்குதுன்னு அர்த்தம். மேலும் வெட்டினா 147. அதுக்கும் கீழ பட்டை பரவுதுன்னா ஓரத்தையும் மென்னுபோட்டுதுன்னு தெரிஞ்சுக்கங்க.

அளவை எப்படி மாத்தினாலும் ஒரே ட்யூபில் உச்சியிலும் கனமாப் பட்டை, அடியிலும் பட்டைன்னா நியூக்ளியஸ் கட்டிகட்டியாச் சேந்திருக்கு. வெளியே இருக்கறது வெட்டுப்படும், உள்ள இருக்கறதை என்சைம் தொடாது. டிரைபன் நீலம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் தனித்தனிப் புள்ளியாத் தெரியுதான்னு பாத்துட்டே என்சைம் விடுங்க. பிப்பெட் நுனியை நறுக்கிக்கங்க, சுழல்கலக்கி வேண்டவே வேண்டாம்.

மஞ்சக்காடு (ஈரோடு):
அண்ணன் ஜெல்லைச் சொல்லிட்டாரு, நான் ரெண்டாவது கேள்விக்கு வரேன். அந்தக் காலியிடத்தில் கொஞ்சம் நம்ம கை வேலையும் சேந்திருக்குதுங்க.

எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ரெண்டு ரெண்டாச் சேந்த எட்டு ஹிஸ்டோன், அது மேல 147 பேஸ்பேர், ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவா, 1.65 சுத்து. டிஎன்ஏ இழை வலம்புரி, ஆனா ஹிஸ்டோனைச் சுத்தறது இடம்புரி. 1997இல் லூகர், ரிச்மண்ட் குழு 2.8 ஆங்ஸ்ட்ராமில் காட்டின உருவம் இது. (எல்லாரும் மனுச நியூக்ளியோசோம்னு காட்டற அந்தப் படத்தில் டிஎன்ஏதான் மனுச ஆல்ஃபா சாட்டிலைட் வழி வந்தது, ஹிஸ்டோன் தவளையோடது.) நடுவில் எச்3-எச்4 நாலும் கெட்டி. ரெண்டு பக்கமும் இருக்கற எச்2ஏ-எச்2பி ஜோடிதான் முதல்ல கழலும்.

ஓடற ஜீனில் எழுத்து (டிஎன்ஏவில் இருந்து ஆர்என்ஏ எடுக்கறது) ஆரம்பிக்கற இடத்துக்கு மேல ஒரு இடைவெளி, கீழே +1 நியூக்ளியோசோம் (முதல் உருண்டை) இடம் பிடிச்சு உக்காந்திருக்கும், அதோட எச்3 வாலில் கே4-இல் (4ஆவது இடத்து லைசினில்) மூணு மெத்தில். பி300 மாதிரி என்சைம் லைசினில் அசிட்டில் வெச்சதும் அதோட நேர்மின்சுமை போயிரும், டிஎன்ஏ மேல பிடி தளரும். எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப்ங்கற புரதக் கூட்டம் ஏடிபியைச் செலவழிச்சு நியூக்ளியோசோமை நகத்தும். ஆர்என்ஏ எழுதற பாலிமரேஸ் ஓடி வரும்போது எச்2ஏ-எச்2பி ஜோடியைக் கழட்டி மாட்ட ஃபேக்ட்ங்கற (FACT) புரதக் கூட்டம் கூட இருக்கும். இதெல்லாம் நிசம்.

ஆனா அந்த இடைவெளியில் எச்2ஏ.இசட், எச்3.3 (எச்2ஏ, எச்3-யோட மாற்று வடிவங்க) ரெண்டும் சேந்த தளர்ந்த நியூக்ளியோசோம் இருக்கறதை 2009இல் ஃபெல்சன்ஃபெல்ட் குழு காட்டினாங்க. பஃபரில் உப்பு கூடினா அது பிரிஞ்சு போயிரும், எம்னேஸ் கூடினா தின்னுபோடும், படத்தில் வெறும் காலி. அதனால உப்பைக் குறைச்சே வைங்க. லேசான வெட்டு, பலத்த வெட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க. எம்னேஸுக்கு ஏ-டி மிகுந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஹிஸ்டோன் நீக்கின வெறும் டிஎன்ஏவையும் ஒரு ட்யூபில் வெட்டி வெச்சுக்கங்க. அதுலயும் பள்ளம் விழுந்தா அது புரமோட்டரோட குணமில்லீங்க, என்சைமோட குணம்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்கண்ணா, அக்கா. எங்கிட்ட எப்பவும் ஓடற ஜிஏபிடிஎச் ஜீனோட புரமோட்டருக்கு 220 பேஸ்பேர் துண்டை நகல் எடுக்கற பிரைமர் ஜோடி இருக்குதுங்க, அதை வெச்சு க்யூபிசிஆர் (அந்தத் துண்டு எவ்வளவு மிச்சம்னு அளக்கறது) பாத்தா ஆகுமுங்களா?

மஞ்சக்காடு:
ஆகாதுங்க. 147 நீளத் துண்டில் 220க்கு இடமே கிடையாது. நியூக்ளியோசோம் நல்லா இருந்தாலும் காலின்னுதான் காட்டும். 70-இல் இருந்து 100-க்குள்ள விழற பிரைமரை ஒண்ணு மேல ஒண்ணு ஏறற மாதிரி 30, 40 பேஸ்பேர் தள்ளித் தள்ளி வரிசையாப் போடுங்க. வெட்டாத டிஎன்ஏவை வெச்சு ஒவ்வொரு ஜோடியையும் சரிபாத்துக்கங்க.