காணாக்கடிக்கு சி.ஆர்.பி. பார்ப்பது வீண் செலவா?

காவிரிக்கரை:
பதினான்கு மாதங்களாகக் காணாக்கடியால் அவதிப்படுகிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் இடுப்பிலும் தொடையிலும் தடிப்புகள் எழும்பும். பிறகு இரவெல்லாம் அரிப்புதான். கரப்பான் பண்டம் என்று மாமியார் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தியும் குறையவில்லை. லீவோசெட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை தினமும் இரண்டு வேளை போடுகிறேன். ஏப்ரலில் ரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருந்தால் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதம் 1.1 என்று வந்தது. சென்ற வாரம் வேறோர் ஆய்வகத்தில் பார்த்தால் 11! அழற்சியைக் காட்டும் இன்னொரு சோதனையான இ.எஸ்.ஆர். 38. மூன்றே மாதத்தில் பத்து மடங்கு ஏறியிருக்கிறது. மருத்துவர் கவலை வேண்டாம் என்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

சோதனைக்குழாய்:
அம்மா, இருபத்திரண்டு வருடங்களாக ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு அடுத்து என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

காவிரிக்கரை:
முதல் தாளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவதில் லிட்டருக்கு மில்லிகிராம் என்று இருக்கிறது ஐயா.

சோதனைக்குழாய்:
ஒரு லிட்டரில் பத்து டெசிலிட்டர். ஆகவே இரண்டும் ஒரே அளவுதான், எதுவும் ஏறவில்லை. இதனால்தான் காணாக்கடிக்காரர்கள் இந்தச் சோதனைகளின் பின்னால் ஓட வேண்டாம் என்று நான் சொல்லிவருகிறேன். இ.எஸ்.ஆர். என்பது என்ன? ரத்தத்தை நெட்டுக்குத்தான குழாயில் ஒரு மணி நேரம் நிறுத்தி, சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்று பார்க்கிறோம். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே அணுக்கள் வேகமாக இறங்கிவிடும். ரத்தசோகை இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், வயது ஏறினாலும் எண் கூடும். சி.ஆர்.பி.யோ கல்லீரல் சுரப்பது. சளிக்காய்ச்சல், ஈறு வீக்கம், உடல் பருமன் என எதற்கும் உயரும். உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு?

காவிரிக்கரை:
9.4.

சோதனைக்குழாய்:
அந்த 38-க்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பொருநை:
ஐயா, அலகைப் பிடித்தது நல்ல வேலை. ஆனால் அதன் முழுப் பொருளையும் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாத இடைவெளியில், இரண்டு ஆய்வகங்களில், சி.ஆர்.பி. 11-லேயே நிற்கிறது. பெரும்பாலான ஆய்வகங்கள் 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு என்கின்றன. சளிக்காய்ச்சலால் வந்ததென்றால் இத்தனை நாளில் இறங்கியிருக்காதா? ரத்தசோகை இ.எஸ்.ஆர்.ஐ ஏற்றும், சரி. சி.ஆர்.பி.யை அப்படி ஏற்றாதே.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் அக்காவுக்கு மூன்று வருடங்கள் ஒவ்வாமை மாத்திரை மட்டுமே கொடுத்தார்கள். இ.எஸ்.ஆர். 70-ஐத் தாண்டியிருந்தது. அது எதற்கெடுத்தாலும் ஏறும் என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் தோலில் சிறு துண்டெடுத்துப் பார்த்தபோதுதான் ரத்தக்குழாய் அழற்சியால் வரும் காணாக்கடி என்று தெரிந்தது. சி3, சி4 என்ற ரத்தப் புரதங்களும் குறைந்திருந்தன. மாத்திரை மாறியது அதற்குப் பிறகுதான்.

சோதனைக்குழாய்:
உங்கள் அக்கா பட்டது பெரிய துன்பம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவருடைய தடிப்புகள் எத்தனை நாள் இருந்தன?

பொருநை:
இரண்டு மூன்று நாள். அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம். அடங்கிய இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் கறை நிற்கும்.

சோதனைக்குழாய்:
அப்படியென்றால் நோயைச் சொன்னது அந்தக் கறைதான். தோலைக் கண்ணால் பார்த்து, எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தால் முதல் மாதமே பிடித்திருக்கலாம். எண்ணை நம்பச் சொல்வதைவிட, மருத்துவரிடம் தோலைக் காட்டச் சொல்வதுதான் சரி.

பொருநை:
இரண்டையும் ஏன் எதிரெதிராக நிறுத்துகிறீர்கள்? 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலே, காரணம் தெரியாத நாள்பட்ட காணாக்கடிக்கு வெள்ளையணு வகைப் பிரிவும், இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.யும் பார்க்கச் சொல்கிறது. 2018-இல் 1253 நோயாளிகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. அவர்களுக்கு நோயின் வீரியம் அதிகம், ஒவ்வாமை மாத்திரைகளும் சரியாகக் கேட்கவில்லை. பதினான்கு மாதங்களாக மாத்திரை விழுங்கி அரிப்போடு இரவைக் கழிக்கும் பெண்ணுக்கு இது பயன்படாத செய்தியா?

சோதனைக்குழாய்:
அதே வழிகாட்டுதல் மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு சி.ஆர்.பி.யைப் பார்க்கச் சொல்லவில்லை. அரிப்பையும் தடிப்பையும் நாள்தோறும் குறித்து, வாரத்துக்கு 42 புள்ளி வரை கணக்கிடும் முறை இருக்கிறது. அரிப்பு அடங்காவிட்டால் மாத்திரையை நான்கு மடங்கு வரை கூட்டலாம். அதிலும் அடங்காவிட்டால் ஓமாலிசுமாப் ஊசி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி. எண் 11 ஆனாலும் 3 ஆனாலும் வழி இதுதான். இப்போது ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் சோதனையும் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். நோய் முற்றும்போது அதுவும் ஏறுகிறது, உண்மைதான். ஏறியதைப் பார்த்து நாம் என்ன செய்துவிடப் போகிறோம்? அந்தப் பணத்துக்கு ஒரு மாத மாத்திரை வாங்கலாம்.

வெண்மேகம்:
தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவி நான். டி-டைமரில் ஐயா சொல்வதை ஏற்கிறேன், சி.ஆர்.பி.யில் ஏற்கவில்லை. அந்த வழி சாதாரணக் காணாக்கடிக்கு உரியது. இது வேறு நோய் இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். 1972-இல் லிலியான் ஷ்னிட்ஸ்லர் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த அபூர்வ நோயிலும் தோலில் காணாக்கடி போலத்தான் தெரியும். கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சலும் எலும்பு வலியும் வரும், சி.ஆர்.பி. மிக உயரும். அங்கே ஒவ்வாமை மாத்திரை எத்தனை மடங்கு கொடுத்தாலும் கேட்காது.

சகோதரி, உங்களுக்குக் காய்ச்சல், மூட்டு வலி உண்டா? இன்று தடிப்பு எழும்பியதும் பால்பாயிண்ட் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு, மணியைக் குறித்துப் படம் எடுங்கள். 24 மணி நேரம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். சாதாரணக் காணாக்கடி என்றால் அதற்குள் கறையில்லாமல் மறைந்திருக்கும்.

காவிரிக்கரை:
காய்ச்சல் இல்லை, மூட்டு வலியும் இல்லை. நேற்று மாலை 6.40-க்கு இடது தொடையில் மூன்று தடிப்புகளைச் சுற்றி நீலக் கோடு போட்டேன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பார்த்தபோது கோடு மட்டும்தான் இருந்தது. உள்ளே தோல் சமமாக, கறையே இல்லாமல் இருந்தது. முழங்கையில் புதிதாக ஒன்று எழும்பியிருந்தது.

சோதனைக்குழாய்:
நல்ல செய்தி அம்மா. ரத்தசோகைக்கு முதலில் வைத்தியம் பாருங்கள்.

பொருநை:
ஈறு வீக்கம் என்று ஐயா சொன்னாரே, பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து சி.ஆர்.பி. ஒருமுறை, அதே ஆய்வகத்தில்.

சோதனைக்குழாய்:
அது தேவையில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

காவிரிக்கரை:
திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறேன். படங்களையும் இரண்டு தாள்களையும் எடுத்துச் செல்கிறேன். மாத்திரையைக் கூட்டலாமா என்று நானே கேட்கப் போகிறேன்.