ஒரே பில்ட் சேர்வர், ஐந்து புரொஜெக்ட்: மத்தியானத்துக்குப் பிறகு எல்லாம் விழுகுது

கேள்வி:
பம்பலப்பிட்டியில எங்கட கந்தோர். ஐந்து டீமும் ஒரே ஜென்கின்ஸைத்தான் (கோடைத் தானாவே பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டிற சேர்வர்) பாவிக்குது. காலமை எல்லாம் பச்சை. மத்தியானம் தாண்டினா, டெஸ்ட் தொடங்க முன்னமே 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' எண்டு சிவப்பு. கோடில மாற்றம் ஒண்டும் இல்லை. ரிலீஸ் கிட்ட வருது, பிள்ளையள் இரவிரவா முழிச்சிருக்கினம். பாக்கக் கவலையா இருக்கு.

பதில்:
அண்ணை, இமேஜ் (புரோகிராம் ஓடத் தேவையானதெல்லாம் அடங்கின பொதி) இழுக்கிற இடத்தில 429, அதாவது 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' எண்ட பிழையின்ர இலக்கம், வருதோ? அப்ப டோக்கர் ஹப் எண்ட இமேஜ் களஞ்சியம் இழுக்கிறதுக்கு வைச்ச வரம்புதான், 2020 நவம்பரில கொண்டுவந்தது. லொகின் இல்லாமல் இழுத்தா ஐபியை (இன்டர்நெட் முகவரி) வைச்சுத்தான் எண்ணும். கந்தோர் முழுக்க ஒரே ஐபியில வெளியில போனா, ஆற்றையோ லப்டொப்பில இழுக்கிறதும் உங்கட சேர்வரின்ர கணக்கிலதான் விழும். இண்டைக்கே ஏஜென்ட் (பில்ட் ஓடுற மெஷின்) எல்லாத்திலயும் டோக்கர் லொகின் போடுங்கோ. பிறகு கந்தோருக்குள்ளயே ஒரு ரெஜிஸ்ட்ரி மிரர் வையுங்கோ. ஒருக்கா இழுத்த இமேஜ் அங்கயே கிடக்கும்.

இன்னொரு பதில்:
இமேஜ் பேரோட போடுற 'லேட்டஸ்ட்' டேக்கையும் கைவிடுங்கோ. வேர்ஷன் இலக்கத்தை எழுதுங்கோ. ஷெயார்ட் லைப்ரரிக்கும் (எல்லா டீமும் பொதுவாப் பாவிக்கிற பில்ட் கோட்) அப்பிடித்தான்: எப்பவும் மாறிக்கொண்டிருக்கிற மெயின் பிராஞ்சைக் காட்டினா, ஒரு டீம் கை வைக்க மற்ற நாலும் விழும்.

கேள்வி கேட்டவர்:
429தான் தம்பி. லொகின் போட்டாச்சு, பின்னேர பில்ட் பச்சை! மிரருக்குத் தனி டிஸ்க் வேணுமோ?

பதில்:
ஓம், தனியா வையுங்கோ. ஜென்கின்ஸின்ர டிஸ்க் நிரம்பினா எல்லா டீமும் நிண்டிடும்.